நியாய விலை என்ன விலை?

இஸ்தான்புல்லுக்குப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பதி சமேதராக. மூன்றாம் நாள் மத்தியானம், மசூதிகளும் அரண்மனையும் சுற்றிப் பார்த்துக் கால் கெஞ்சுகிற நேரத்தில், 'கபாலிச் சார்ஷி' என்கிற மாபெரும் பஜாருக்குள் நுழைகிறீர்கள். (மயிலாப்பூருக்குச் சம்பந்தமில்லை. துருக்கிய மொழியில் கபாலி என்றால் மூடிய. சார்ஷி என்றால் கடைத்தெரு.) கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மத் 1450களில் கட்ட ஆரம்பித்தது. இன்றைக்குக் கூரைக்குக் கீழே அறுபது சொச்சம் தெருக்கள், ஏறக்குறைய 4,000 கடைகள்.

"நமஸ்தே! ஷாருக் கான்! வாங்க வேண்டாம், சும்மா பார்த்தால் போதும்" என்று ஒருவர் வழிமறிக்கிறார். உட்கார்ந்ததும் சின்னக் கண்ணாடித் தம்ளரில் ஆப்பிள் டீ வருகிறது. உள்ளூர்க்காரர்கள் குடிப்பது பெரும்பாலும் பால் விடாத கறுப்புத் தேநீர்தான். ஆப்பிள் டீ நம்மைப் போன்றவர்களுக்கான உபசாரம். இரண்டு பையன்கள் கம்பளங்களை ஒவ்வொன்றாக உருட்டிவிடுகிறார்கள். இருபதாவது கம்பளத்தில் உங்கள் மனைவியின் கண் ஒரு விநாடி நிற்கிறது. அவ்வளவுதான், கடைக்காரர் பார்த்துவிட்டார்.

விலை 1,800 டாலர். நீங்கள் எழுந்திருக்கிறீர்கள். 1,500 ஆகிறது. இரண்டாவது டீ. 1,200. "ஏங்க, வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க" என்று தமிழில் ஒரு உத்தரவு. வாசல் வரை நடக்கிறீர்கள். 900. கடைசியில் 700-க்குக் கை குலுக்குகிறீர்கள். "உங்களுக்காக நஷ்டத்தில் தருகிறேன்" என்று அவர் நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறார்.

ஹோட்டல் அறைக்கு வந்ததும் ஆரம்பிக்கிறது. "1,800-ன்னு சொல்லி ஏமாத்தப் பார்த்தான்" என்கிறார் கணவர். "அட, இன்னும் கேட்டிருந்தா 500-க்குக் குடுத்திருப்பான்" என்கிறார் மனைவி. இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் நம்புகிறார்கள். பலாச்சுளைக்குள் கொட்டை மாதிரி, அந்தக் கம்பளத்துக்குள் ஒரு உண்மையான விலை ஒளிந்திருக்கிறது. கடைக்காரருக்கு அது தெரியும், நமக்குத் தெரியாது.

அப்படி ஒரு விலை இருக்கிறதா? நாம் 'நியாய விலை' என்ற வார்த்தையை ரேஷன் கடை போர்டில் மட்டும்தான் பார்க்கிறோம். மற்ற இடங்களில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் திணறுவோம்.

துருக்கியில் பேரத்துக்கு 'பஸார்லிக்' என்று பெயர். பஸார், நம்ம பாண்டி பஜாரின் அதே பஜார்தான். பாரசீகத்திலிருந்து இரண்டு பக்கமும் போன வார்த்தை. அதாவது கடைத்தெருவும் பேரமும் அந்த மொழியில் ஒரே வேரில் முளைத்தவை. (ஞாயிற்றுக்கிழமைக்கும் அங்கே பஸார் என்றுதான் பெயர். ஆனால் ஞாயிறன்று கபாலிச் சார்ஷி லீவு!)

க்ளிஃபோர்ட் கீர்ட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் மொராக்கோவில் ஸெஃப்ரூ என்கிற சிற்றூரின் சந்தையை ஆராய்ந்து 1978-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னதன் சாரம்: பஜாரில் உண்மையில் பற்றாக்குறையாக இருக்கிற சரக்கு தகவல். எது நல்ல சரக்கு, எது என்ன விலைக்குப் போகும் என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. பேரம் என்பது அதைத் தேடிக் கண்டுபிடிக்கிற வழி. ஒரே கடைக்காரரிடம் திரும்பத் திரும்பப் போகிறவருக்கு அந்தத் தேடல் சுலபமாகிறது. இரண்டு பேருக்கும் நாளைய முகம் இருக்கிறது.

நீங்களும் நானும் அந்த வாடிக்கையாளர் இல்லை. ஒருமுறை வருகிறோம், ஜென்மத்துக்கும் திரும்பிப் போகப் போவதில்லை. இனிமேல் பார்க்கவே போகாத ஒரு மனிதரிடம் எவ்வளவு நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் கம்பளக் கடையின் கேள்வி. அவருக்கும் சேர்த்துத்தான்.

முதலில் பொய். பேரத்தில் இரண்டு பக்கமும் பொய் சொல்கிறார்கள். "இதுதான் கடைசி விலை" என்று அவர் நாலு தடவை சொல்வார். "கையில் 500-தான் இருக்கிறது" என்று நீங்கள் கிரெடிட் கார்டைப் பையில் வைத்துக்கொண்டே சொல்வீர்கள். மனைவிக்குப் பிடிக்கவில்லை என்பது, அவருக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்பதற்கான சங்கேதம். இதெல்லாம் பாவக் கணக்கில் சேருமா? என் அபிப்பிராயம், சேராது. சீட்டாட்டத்தில் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்கிறவரை நாம் பொய்யர் என்று சொல்வதில்லை. எதிராளியும் அதே ஆட்டம்தான் ஆடுகிறார். இது மனசைப் பற்றிய பொய். கேட்பவர் நம்ப மாட்டார் என்று தெரிந்தே சொல்வது.

ஆனால் சரக்கைப் பற்றிச் சொல்கிற பொய் வேறு ஜாதி. பளபளப்பேற்றிய பருத்தியையோ ரேயானையோ பட்டு என்று விற்பது. நேற்று நெய்ததைச் சாயம் மங்கவைத்து நூறு வருஷப் பழசு என்பது. எங்கேயோ நெய்ததைப் புகழ்பெற்ற ஹெரெக்கேயில் நெய்தது என்பது. இது ஆட்டத்துக்குள் வராது. ஏனென்றால் வாங்குகிறவர் அதை நம்பித்தான் பணம் கொடுக்கிறார். இஸ்லாமிய வணிக அறம் இந்தக் கோட்டைத் தெளிவாகவே போட்டிருக்கிறது. பேரத்தைத் தடுக்கவில்லை. வாங்கும் எண்ணமே இல்லாமல் ஒருவர் நடுவில் புகுந்து விலையை ஏற்றிவிடுவதை நபிமொழி தடுக்கிறது. ஊருக்கு வெளியிலேயே போய் வணிகக் கூட்டத்தை எதிர்கொண்டு, சந்தை நிலவரம் தெரிவதற்கு முன் அவர்களிடம் சரக்கை வாங்கிவிடுவதையும் தடுக்கிறது. வெளியூர்க்காரனின் அறியாமையைக் காசாக்காதே என்று பொருள். ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸி டிரைவர் உங்களை நேரே 'என் மாமா கடை'க்கு அழைத்துப் போகிறாரே, அது அந்தத் தடையை எனக்கு ரொம்ப ஞாபகப்படுத்துகிறது.

இதே பிரச்னையை சிசரோ கி.மு. 44-ல், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்கு எழுதிய நூலில் விசாரித்திருக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். ஒரு வியாபாரி அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து கப்பல் நிறைய தானியத்துடன் முதலில் வந்து சேருகிறான். பின்னாலேயே வேறு கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியும், தீவுக்காரர்களுக்குத் தெரியாது. சொல்ல வேண்டுமா, சொல்லாமல் நல்ல விலைக்கு விற்றுவிடலாமா? பாபிலோன் நாட்டு டயோஜெனிஸ், "பொய் சொல்லாதே, அது போதும், தெரிந்ததையெல்லாம் சொல்லவேண்டிய கட்டாயமில்லை" என்ற கட்சி. அவர் சீடர் ஆன்டிபேட்டர், "மறைக்காதே" என்ற கட்சி. சிசரோ சீடர் பக்கம் சாய்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் அதே கேள்வியை எடுத்து, சொல்லவேண்டியது கட்டாயம் இல்லை, சொன்னால் இன்னும் உத்தமம் என்று நடுவில் நின்றார்.

யூதர்களின் மிஷ்னா நம்மையும் விட்டுவைக்கவில்லை. வாங்கும் உத்தேசம் இல்லாதவன் ஒரு பொருளைக் காட்டி "என்ன விலை?" என்று கேட்கக்கூடாது என்கிறது. ஆசை காட்டி மோசம் செய்வது பணத்தில் மட்டுமில்லை, வார்த்தையிலும் உண்டாம். டி.நகரில் இந்தச் சட்டம் வந்தால் பாதிக் கூட்டம் குறைந்துவிடும்! அதே மரபில் இன்னொரு விதி: சந்தை விலையைவிட ஆறில் ஒரு பங்குக்கு மேல் அதிகம் வாங்கியிருந்தால் வியாபாரத்தையே ரத்து செய்யலாம். நல்ல விதிதான். கோதுமைக்கும் துணிக்கும் சரி. ஆனால் உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிற, ஒருத்தி கையால் முடிந்த கம்பளத்துக்குச் சந்தை விலை எது? எதில் ஆறில் ஒன்று?

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று தீர்த்தவர்கள் இங்கிலாந்தின் குவேக்கர்கள். பதினேழாம் நூற்றாண்டில், வாங்க நினைக்கும் தொகைக்கு மேலே ஒரு தொகையைக் கேட்பதே பொய் என்று முடிவு கட்டி, ஒரே விலை சொன்னார்கள். முதலில் வியாபாரம் படுத்தது. பிறகு, ஒரு குழந்தையை அனுப்பினால்கூட அவர்கள் கடையில் சரியான விலைக்குக் கிடைக்கும் என்று பேர் வந்து, கூட்டம் அம்மியது. பாரிஸில் அரிஸ்டீட் பூசிகோ 1852-க்குப் பிறகு போன் மார்ஷே கடையில் பொருளுக்குப் பொருள் விலைச்சீட்டு மாட்டியது அதே ரகம்.

தத்துவஞானி கான்ட்டுக்கும் இந்தக் குழந்தை பிடித்திருந்தது. 1785-ல் வெளிவந்த புத்தகத்தில், விவரம் தெரியாத குழந்தையிடமும் அதே விலைக்கு விற்கிற ஒரு கடைக்காரரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். சொல்லிவிட்டு, இவர் நேர்மைக்காக நேர்மையாக இருக்கிறாரா, வியாபாரத்துக்கு நல்லது என்று இருக்கிறாரா, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதே என்று ஒரு போடு போடுகிறார்.

ஆக, ஒரே விலை என்றால் நியாயம் என்று ஆகிவிட்டதா? எனக்குச் சம்மதமில்லை. ஒரே விலை எல்லோருக்கும் சமமாக அநியாயமாகவும் இருக்கலாம். தவிர, நாம் இஸ்தான்புல்லுக்குப் போன விமானத்தில் பக்கத்து சீட்காரர் வேறு விலை கொடுத்திருப்பார். கம்ப்யூட்டர் நம் அவசரத்தை மோப்பம் பிடித்து விலையை ஏற்றியிருக்கும். மழை பெய்தால் டாக்ஸி செயலி இரண்டு மடங்கு கேட்கிறது. முனகிக்கொண்டே அழுத்துகிறோம். மெஷின் செய்தால் 'டிமாண்ட்', மனிதர் டீ கொடுத்துச் செய்தால் 'ஏமாற்று' என்பது என்ன நியாயம்? கம்பளக்காரரிடமாவது எழுந்து வாசல் வரை நடக்கலாம்.

இப்போது தம்பதி விஷயம். இதைப் பற்றி சிசரோவும் கான்ட்டும் ஒன்றும் எழுதவில்லை. கான்ட் கல்யாணமே செய்துகொள்ளாதவர்.

பேரத்தில் பல குடும்பங்களில் ஒரு வேலைப் பிரிவினை இருக்கிறது. மனைவி பேசுவார். கணவர் ரெண்டடி தள்ளி நின்று, சுவரில் தொங்கும் படத்தை ஆராய்வார். "விடும்மா, பாவம், கேட்டதைக் குடுத்துடலாம்" என்று நடுவில் ஒரு வசனம். கடைக்காரர் முன்னால் பெரிய மனுஷர் பட்டம் அவருக்கு, கஞ்சம் என்ற பட்டம் மனைவிக்கு. மிச்சமான 1,100 டாலர் மட்டும் குடும்பக் கணக்கில் இரண்டு பேருக்கும் பொது. சில வீடுகளில் வேஷம் மாறியிருக்கும், கணவர் முறைப்பார், மனைவி இரக்கப்படுவார். எப்படி இருந்தாலும், அழுக்கான வேலையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு லாபத்தில் பங்கு வாங்குகிறவர் இருவரில் ஒருவர். பேரம் தப்பு என்று உண்மையிலேயே நினைக்கிற கணவர் அதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொல்லவேண்டும். தப்பில்லை என்றால் பக்கத்தில் வந்து நிற்கவேண்டும். சுவரைப் பார்ப்பது ஒரு நிலைப்பாடு ஆகாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு தருவோம் என்று இரண்டு பேரும் கடைக்குள் நுழைவதற்கு முன்பே பேசிக்கொள்வது, கடைக்காரருக்கும் நல்லது. அவர் 1,800 என்றாலும் 1,000 என்றாலும் உங்கள் எல்லை 700. அது கைகூடினால் கை குலுக்கலாம். 'இன்னும் எவ்வளவு கறக்கலாம்' என்ற கணக்கு எல்லையில்லாதது. கடைசி இருபது டாலருக்காக நடக்கிற முக்கால் மணி நேரப் போர், பெரும்பாலும் இருபது டாலருக்காக இல்லை. யார் தோற்றார் என்பதற்காக.

சரி, கடைக்காரருக்கும் நமக்கும் நடுவில் உள்ளது இவ்வளவுதான். அவர் தன்னைப் பார்த்துக்கொள்வார். வருஷக்கணக்காகத் தொழில் செய்கிறவர், நஷ்டத்துக்கு விற்கிறேன் என்று சொல்வாரே தவிர விற்க மாட்டார். அந்த அறையில் இல்லாத மூன்றாவது ஆள் ஒருத்தி இருக்கிறாள். நெய்தவள்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். நாலடிக்கு ஆறடி கம்பளம். பத்து சென்டிமீட்டருக்கு நீளவாக்கில் 40, அகலவாக்கில் 40 முடிச்சு என்று வையுங்கள். இது பிரமாத நெசவு இல்லை, நடுத்தரம். சதுர சென்டிமீட்டருக்கு 16. மொத்தம் மூன்றரை லட்சம் முடிச்சுக்கு மேல். துருக்கிய முடிச்சில் ஒவ்வொரு நூல் துண்டும் இரண்டு பாவு இழைகளைச் சுற்றி, நடுவில் வெளியே வரவேண்டும். இழுத்து, வெட்டி, அடுத்தது. கை தேர்ந்தவர் ஒரு நாளைக்கு ஏழாயிரம் போடுகிறார் என்றால் ஐம்பது நாள் வேலை. கம்பளி நூற்றது, சாயம் தோய்த்தது, தறியில் பாவு கட்டியது இதில் சேர்த்தியில்லை.

நீங்கள் கொடுத்த 700 டாலரை அப்படியே, ஒரு சென்ட் குறையாமல், அவள் கையில் வைத்தால் நாளுக்கு 14 டாலர். ஆனால் அதிலிருந்து கம்பளி விலை, சாயம், ஊர்த் தரகர், கடை வாடகை, இரண்டு பையன்கள் சம்பளம், உங்களை அழைத்து வந்தவருக்குக் கமிஷன் எல்லாம் போகவேண்டும். அவளுக்குப் போனது எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"அப்போ பேரம் பேசாமல் 1,800 கொடுத்திருக்கணுமா?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். நீங்கள் 1,800 கொடுத்தாலும் அவளுக்கு ஒரு லிரா கூடப் போயிருக்காது. அவள் கூலி வாங்கி, கம்பளம் லாரி ஏறி எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. உங்கள் பேரம் அவளைத் தொடவில்லை, உங்கள் தாராளமும் தொடவில்லை. 1,100 டாலர் யாருக்கு என்பதுதான் கடையில் நடந்த சண்டை. உங்களுக்கா, கடைக்காரருக்கா. இதனால், பேரம் பேசினால் ஏழை நெசவாளி வயிற்றில் அடிக்கிறோம் என்று குற்ற உணர்ச்சியில் கேட்டதைக் கொடுத்துவிட்டு வருகிறவர், கடைக்காரருக்கு நன்கொடை கொடுத்திருக்கிறார். ஆனால் 'அவளுக்குத்தான் போகாதே' என்று நிம்மதியாகக் கால் நீட்டவும் முடியாது. எல்லோரும் 700-க்கே வாங்கினால், அடுத்த கம்பளத்துக்குத் தரகர் அவளிடம் அந்த விலையிலிருந்துதான் கீழ்நோக்கிப் பேரம் பேசுவார். அவளுக்கு எழுந்து வாசல் வரை நடக்கிற வசதி இருக்காது.

அவளுக்கும் கட்டுப்படி ஆகாவிட்டால் வேலை இன்னும் மலிவான கைகளுக்குப் போகும். துருக்கிக் கடைகளில் இருக்கும் கம்பளங்களில் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் சீனாவிலும் நெய்தவையும் உண்டு. உத்தரப்பிரதேசத்தின் பதோஹி - மிர்ஸாபூர் பகுதி உலகத்துக்கே கம்பளம் அனுப்புகிற இடம். அங்கே தறிகளில் குழந்தைகள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் கைலாஷ் சத்யார்த்தியின் முயற்சியில் 1994-ல் 'ரக்மார்க்' முத்திரை வந்தது. குழந்தை உழைப்பு இல்லாத தறியில் நெய்தது என்பதற்கான சான்று. 2009-லிருந்து அதற்குப் பெயர் 'குட்வீவ்'. சத்யார்த்திக்கு 2014-ல் மலாலாவுடன் சேர்த்து சமாதான நோபல் கிடைத்தது. பிஞ்சு விரல்தான் நுணுக்கமாக முடிச்சுப் போடும் என்று ஒரு சால்ஜாப்பு சொல்வார்கள். சுத்தக் கதை. குழந்தையைத் தறியில் உட்கார வைப்பதற்குக் காரணம், அதற்குப் பேரம் பேசத் தெரியாது என்பதுதான். கடைக்கு வருகிற குழந்தையிடம் எப்படி நடந்துகொள்வது என்று கான்ட் கவலைப்பட்டார். தறியில் இருக்கிற குழந்தை அவர் உதாரணத்தில் இல்லை.

துருக்கியிலேயே வேறு மாதிரியும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1981-ல் ஹெரால்ட் போமர் என்ற ஜெர்மன் வேதியியல்காரரும் இஸ்தான்புல்லின் மர்மரா பல்கலைக்கழகமும் சேர்ந்து 'டோபாக்' என்றொரு திட்டம் தொடங்கினார்கள். ரசாயனச் சாயம் வந்த பிறகு கிராமங்களில் மறந்துபோயிருந்த மஞ்சிட்டி வேர்ச் சிவப்பையும் அவுரி நீலத்தையும் ஆராய்ந்து, நெய்கிறவர்களுக்கே திரும்பக் கற்றுக்கொடுத்தார்கள். ஐவாஜிக், யுந்த்தாக் பகுதிக் கிராமங்களில் நெசவாளர் கூட்டுறவு அமைப்புகள் வந்தன. வாங்குகிறவர் கொடுத்த விலைக்கும் நெய்தவள் கைக்கும் நடுவில் இருந்த தூரம் குறைந்தது. இந்த மாதிரி இடத்தில் அதிகம் கொடுத்தால் அதற்கு அர்த்தம் உண்டு. அங்கே போய் 1,800-ஐ 700 ஆக்கப் பார்ப்பது எனக்கு உவப்பாக இல்லை. கபாலிச் சார்ஷியில் தாராளமாகப் பேசுங்கள்.

பேசுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யலாம். பிடித்த கம்பளத்தைப் புரட்டிப் போடச் சொல்லுங்கள். மேலே பூவும் கொடியும் தெரிகிற இடத்துக்கு நேர் பின்னால், முடிச்சுகள் கேழ்வரகு தூவின மாதிரி வரிசை வரிசையாகத் தெரியும். (கிலிம் என்றால் தெரியாது. அதில் முடிச்சே கிடையாது, நம்ம பவானி ஜமக்காளத்துக்குத் தூரத்துச் சொந்தம்.) கைப்பையில் ஒரு சின்ன ஸ்கேல் இருக்கட்டும். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, ஒருவர் நீளவாக்கில், ஒருவர் அகலவாக்கில் பத்து சென்டிமீட்டருக்கு எண்ணுங்கள். கடைக்காரர் குறுக்கே ஏதாவது பேசி எண்ணிக்கையைத் தவறவிடச் செய்வார். மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள். பெருக்கவும், ஏழாயிரத்தால் வகுக்கவும் செல்போன் இருக்கிறது. யார் நெய்தது, எந்த ஊர் என்றும் கேட்டு வையுங்கள். பதில் வருகிறதா, இன்னொரு டீ வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் விலையை ஆரம்பியுங்கள்.